சத்தி அண்ணையின் பாய்மரம்

அன்ரனிதாஸ் அண்ணையை முதன்முதலாகச் சந்தித்து, திட்டு வாங்காமல் திரும்பியவர் யாரும் இல்லை. இதை எழுதுகிறவனும் தப்பவில்லை. பட்டமளிப்புக்கென்று வாங்கிய புதுச் சப்பாத்தோடு, ஊர்காவற்றுறைக் கரையில் நிற்கும் ‘மரியநாயகி’யின் ஏணியில் கால் வைத்ததுதான் தாமதம், மேலேயிருந்து குரல் விழுந்தது.

“தம்பி, சப்பாத்தைக் கழற்றும்! நீர் பட்டதாரி எண்டு பலகைக்குத் தெரியாது.”

மரியநாயகி ஒரு காலத்தில் தீவுப் பிள்ளைகள் பாய் விரித்துக் கடலோடப் பழகிய பயிற்சிக் கப்பல். அதில் அன்ரனிதாஸ் குசினிக்காரர். கறிக்குப் புளி விடுவார், அடுத்த அலைக்கு வாளியைக் கட்டிப் பிடித்து வாந்தி எடுப்பார். வாந்திக்கு ஊரில் சத்தி என்று பேர், அதனால் பிள்ளைகள் வைத்த பெயர் ‘சத்தி அண்ணை’. கப்பலுக்கு ஓய்வு கொடுத்து மணலில் ஏற்றிய அன்று ஊரே கண் கலங்கி நின்றது.

“இந்தாள் மட்டும் வயிறாரச் சோறு திண்டது,” என்பார் மனைவி செபஸ்தியம்மா.

ஆனால் ஆடாத கப்பலில்தான் அவருக்குக் காதல் பிறந்தது. யாரும் கேட்காமலே பலகை இடுக்குகளில் பஞ்சு அடைத்தார், எண்ணெய் பூசினார், ஏறுகிறவர்களைத் திட்டினார்.

இந்த நிலையில்தான், கனடாவுக்குக் குடிபோய்விட்ட பயிற்சிச் சங்கத் தலைவர், அங்கிருந்தபடியே பெரிய பாய்மரத்தைத் தெற்கில் ஒரு சுற்றுலா விடுதிக்குத் தாரைவார்த்தார். விடுதித் தோட்டத்தில் விளக்குக் கட்ட ஒரு மரம் வேண்டுமாம்.

“மரம் போனா மிச்சம் மாட்டுத் தொட்டிதான்,” என்று அன்ரனிதாஸ் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பங்குச் சுவாமியிடம் போனார். கரையோரத்து அந்தோனியார் சிற்றாலயத்தின் கொடிமரம் காற்றில் முறிந்து கிடந்தது, திருநாளோ நெருங்கிவிட்டது.

“சுவாமி, எங்கட பாய்மரம் சும்மாதானே நிக்குது?”

விடுதி முகாமையாளர் மிரோஜன் பாரந்தூக்கி லொறியோடு வந்து இறங்கியபோது, பாய்மர உச்சியில் அந்தோனியார் கொடி பறந்தது. லொறிச் சாரதி சவிரிமுத்து மண்டைதீவுக்காரர். தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டார்.

“கொடி ஏறின மரத்தில நான் சங்கிலி போடமாட்டன். இறக்கினாப் பிறகு கூப்பிடுங்கோ.”

“எப்ப இறக்குவியள் ஐயா?” என்று மிரோஜன் கேட்டார்.

“திருநாள் முடிய, தம்பி,” என்றார் அன்ரனிதாஸ், பால் குடித்த பூனை மாதிரி.

அந்தோனியார் இறங்க இராயப்பர் ஏறினார். இராயப்பர் இறங்கச் சந்தியோகுமையோர். அவரோடு சேர்த்து அன்னம்மாள். மிரோஜன் தொலைபேசியில் கத்தினார்.

“இதென்னய்யா, முடிவே இல்லையோ?”

“தீவில புனிதர்களுக்குப் பஞ்சமே?”

மிரோஜனும் லேசுப்பட்டவர் அல்ல. கோயில் கலண்டர் ஒன்று வாங்கினார். அன்னம்மாள் கொடி இறங்கி, மாதா கொடி இன்னும் ஏறாத ஓர் இடைவெளியைக் கண்டுபிடித்து, வெள்ளைச் சேட்டு போட்டுக்கொண்டு விடியற்காலையில் வந்து நின்றார்.

“இண்டைக்கு ஒருத்தரும் இல்லை ஐயா. எனக்கும் கலண்டர் வாசிக்கத் தெரியும்.”

அன்ரனிதாஸ் வெறும் மரத்தைப் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் ஓடி, செபஸ்தியம்மாவின் சிவப்புச் சீலையோடு வந்தார்.

“சின்ன எழுத்தை வாசிச்சனீரோ? லோறன்சியார். குசினிக்காரரின்ரை புனிதர். இண்டைக்குக் கொடியேற்றம்!”

சவிரிமுத்து கலண்டரை வாங்கிப் பார்த்தார். “ஓம், பத்தாம் திகதி இருக்குத்தான்,” என்று லொறி இயந்திரத்தை நிறுத்தினார்.

“நிப்பாட்டாதையும்! கொடி இன்னும் ஏறேல்லை!” என்று மிரோஜன் பாய்ந்தார். உண்மைதான். சீலை பாதி வழியில் நின்றது. கயிறு உச்சிக் கப்பியில் சிக்கிவிட்டது. மிரோஜன் தானே சங்கிலியை இழுத்துக்கொண்டு மரத்தடிக்கு வந்தார்.

வாழ்நாளில் பாய்மரத்து நூலேணியைத் தொடாத அன்ரனிதாஸ் அதில் ஏறத் தொடங்கினார்.

“இஞ்சரப்பா, இறங்குங்கோ!” என்று செபஸ்தியம்மா கத்தினார். ஆனால் கையில் தொலைபேசியை நேராகத்தான் பிடித்திருந்தார். “உங்களுக்குத் தலை சுத்தும்!”

காற்றில் ஏணி ஆடியது. ஆட்டம் என்றால் அன்ரனிதாஸின் வயிற்றுக்குக் கடலும் ஒன்றுதான், கரையும் ஒன்றுதான். கப்பியில் சிக்கிய கயிற்றை உதறினார். சிவப்புச் சீலை விரிந்து பறந்தது. “என்ன நடக்குது மேலை?” என்று மிரோஜன் அண்ணாந்தார்.

அவர் அண்ணாந்திருக்கக் கூடாது. சங்கிலியைப் போட்டுவிட்டு, வெள்ளைச் சேட்டைக் கழுவக் கடலுக்கு ஓடினார்.

செபஸ்தியம்மா எடுத்த காணொளி மாலைக்குள் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தது. கப்பலில் பழகி, இன்று நரை விழுந்த பிள்ளைகள் எல்லாம் “எங்கட சத்தி அண்ணை!” என்று தலைவரின் தொலைபேசியை ஓயவிடவில்லை. சிரித்துக் களைத்த தலைவர், பாய்மரத்தோடு கப்பலைப் பங்குக் கோயிலுக்கே எழுதிக் கொடுத்தார். விடுதித் தோட்டத்தில் இப்போது சீமெந்து மரம் ஒன்று நிற்கிறதாம்.

அன்ரனிதாஸ் இன்று மரியநாயகிக்குப் பக்கத்து வீட்டில் செபஸ்தியம்மாவோடு வசிக்கிறார். கப்பலின் சாவி அவரிடம் இருக்கிறது. ஞாயிறு பூசை முடிந்ததும் திறப்பார். சப்பாத்தை ஏணியடியில் விட வேண்டும்.