அந்த ஏரியா

வெள்ளிக்கிழமை காலையில் நான் என் தையல் கடை ஷட்டரை முழுசாகத் தூக்குவதற்குள் பக்கத்துக் கடை ஹரீஷ்குமாரின் தலை நீண்டுவிடும். "அக்கா, கொஞ்சம் பொம்மைக்கு மாத்திக் குடுத்துடுங்க." பொம்மை என்பது அவன் கடை வாசலில், வயிற்றில் தலையணை கட்டி நிற்கிற பிளாஸ்டிக் பெண். வாரத்துக்கு ஒரு புது நைட்டி அதற்கு. பால் கொடுக்கத் தோதாக முன்பக்கம் இரண்டு ஜிப் வைத்து நான் தைத்துக் கொடுப்பது. நான் பழையதை உருவிப் புதியதை மாட்டி முடிக்கிறவரை அவன் ரோட்டோரம் போய், சிப்காட் பக்கம் போகிற கம்பெனி பஸ்களைப் பார்த்துக்கொண்டு நிற்பான். தப்பித் தவறிக்கூடக் கடைப்பக்கம் திரும்ப மாட்டான்.

பிளாஸ்டிக்குக்கே இவ்வளவு வெட்கப்படுகிறவன் என்ன விற்கிறான் தெரியுமா? பிள்ளை உண்டானது முதல் அந்தப் பிள்ளை பால் மறக்கிறவரை ஒரு பெண்ணுக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும். வயிற்றைத் தாங்கும் பட்டை, பால் எடுக்கிற பம்ப், பால் கசிந்தால் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்ளும் பஞ்சு வட்டம், குழந்தையை ஏந்திக்கொள்ளத் தலையணை, சுவர் நிறையப் புத்தகங்கள். ஓசூர் பாகலூர் சாலையில் இப்படி ஒரு கடை வேண்டியதுதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. அதைத் திறக்க இந்த ஊரில் வேறு ஆளே கிடைக்கவில்லையா என்பதுதான் என் ஆத்திரம்.

இதற்கு முன்னால் அவன் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். காண்ட்ராக்ட் முடிந்து அவன் கம்பெனியை விட்டு வந்தான். கம்பெனி அவன் வாயை விட்டுப் போகவில்லை. மூன்றாம் மாசம் என்றால் 'ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்'. குழந்தை பாலைக் கக்கினால் 'ரிஜெக்ஷன்'. மாமியாரும் கூட வந்தால், "சூப்பர்வைசர் மேடமும் வந்திருக்காங்களா?" என்பான், மருமகள் சிரிப்பாள், மாமியார் சிரிக்க மாட்டாள். தாய்ப்பாலுக்கு அவன் வைத்திருக்கிற பெயர் 'அவுட்புட்'. "அவுட்புட் எவ்ளோ மேடம்? டார்கெட் ரீச் ஆகுதா?" என்று ஒரு பச்சை உடம்புக்காரியிடம் அவன் கேட்டதை முதல்முறை கேட்டபோது, நான் வெட்டிக்கொண்டிருந்த ஜாக்கெட் துணி கோணலாகப் போய்விட்டது.

பம்ப் எப்படி வேலை செய்கிறது என்று காட்டச் சொன்னால் தன் கன்னத்தில் வைத்து சுவிட்ச் போட்டுக் காட்டுவான். கன்னம் உள்ளே போகும், வெளியே வரும். வாங்க வந்தவள் சிரிப்பை அடக்க முடியாமல் புருஷன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். இவன் மட்டும் சிரிக்காமல், "சக்ஷன் பாத்தீங்களா, செம பவர்" என்பான். கன்னத்தில் வட்டமாய் விழுந்த சிவப்போடு மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருப்பான்.

புத்தகங்களின் கதை இன்னும் அழகு. எல்லாம் கண்ணாடிக் காகித உறையோடு வந்தபடியே நிற்கின்றன. ஒருத்தி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கக் கை வைத்தால் பாய்ந்து வந்துவிடுவான். பிரித்தால் ரீசேல் ஆகாதாம். தானும் ஒன்றைக்கூடப் பிரித்ததில்லை. முதல் பிரசவம் என்றால் தடிப் புத்தகம், இரண்டாவது என்றால் மெல்லிசு. ஏனென்று கேட்டால், "ரெண்டாவதுக்கு ரிவிஷன் போதும்கா" என்கிறான். பின்னட்டையில் இருக்கிற நாலு வரியை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு, ஏதோ தானே எழுதியது போல ஒப்பிப்பான்.

கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போகிற இடத்தில் என்ன தொழில் என்று கேட்டால் 'மெடிக்கல் லைன்' என்று சொல்கிறானாம். பேரிகையிலிருந்து எப்போதாவது வருகிற அவன் அம்மா நாராயணம்மா இதை என்னிடம் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார்.

வீட்டில் தெலுங்கு, தளிப் பக்கத்து ஆட்கள் வந்தால் கன்னடம், மற்றவர்களுக்குத் தமிழ். மூன்று பாஷையிலும் விலை சொல்வான், மூன்றிலும் தள்ளுபடி கிடையாது என்பான். மார்பு என்கிற சொல் மட்டும் மூன்றிலும் அவனிடம் இல்லை. 'அந்த ஏரியா' என்பான். பம்ப் வாங்கினால், "அந்த ஏரியாவுல வெச்சு சுவிட்ச் போடணும் மேடம்." களிம்பு வாங்கினால், "அந்த ஏரியாவுல கிராக் வந்தா தடவணும்." பாட்டில் காம்புகூட அவனுக்கு 'டிப்'தான். சொல்லும்போது கண் இரண்டும் மேலே மின்விசிறிக்குப் போய்விடும். கண்ணியமான பையன் என்று சில பெண்கள் மெச்சுகிறார்கள். கண்ணியமாம், கண்ணியம். வலியோடு வந்தவளிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்கத் துப்பில்லாதவனுக்கு அது ஒன்றுதான் குறைச்சல்.

போன மாசம் நடந்ததைக் கேளுங்கள். எங்கள் தெருக்கோடி லைன் வீட்டில் ரூபா என்று ஒரு பெண் இருக்கிறாள். செல்போன் செய்கிற கம்பெனியில் வேலை, பிரசவ லீவில் இருந்தாள். குழந்தை எட்டாம் மாசத்திலேயே பிறந்துவிட்டது. எடை ரொம்பக் குறைவு. தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பினார்கள். ரூபாவுக்குப் பாலுக்குப் பஞ்சமில்லை, அதுவே வினையாயிற்று. குழந்தைக்கு இழுத்துக் குடிக்கத் தெம்பில்லாமல் பால் தேங்கி, இரண்டு மார்பும் கல்லாகிவிட்டன. காய்ச்சல் வேறு. பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்ள நாகரசம்பட்டியிலிருந்து வந்திருந்த மாமியார் சரசம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பஸ் மாறிப் போக வேண்டும். கடையோ தெருமுனையில் இருக்கிறது. இவ்வளவு புத்தகம் வைத்திருக்கிறவனுக்குத் தெரியாததா என்று நேரே ஹரீஷ்குமாரிடம் போய்விட்டார்.

மருமவளுக்குப் பால் கட்டிக்கிச்சு, என்னா பண்றது தம்பி என்று கேட்டிருக்கிறார். பால் கட்டிக்கொள்வது வேறு, பாலைக் கட்டுவது வேறு. கட்டிக்கொண்டது என்றால் தேங்கி இறுகிவிட்டது, இளக்கி வெளியே எடுக்க வேண்டும். பாலைக் கட்டுவது என்றால் பிள்ளைக்கு மறக்கடிக்கிற நேரத்தில் சுரப்பையே நிறுத்துவது. நம் ஆளுக்குப் பால் என்ற சொல் விழுந்ததுமே கண் மின்விசிறிக்குப் போய்விட்டது, காதும் கூடவே போயிருக்கும். எப்படி இருக்கிறது, காய்ச்சல் உண்டா, பிள்ளைக்கு எத்தனை மாசம் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்டால் அந்த ஏரியாவுக்குள் போக வேண்டி வருமே! அவன் பெரியம்மா எப்போதோ தன் மகளுக்குப் பாலை நிறுத்த மல்லிகைப் பூவை வைத்துக் கட்டியது அவனுக்கு ஞாபகம் வந்திருக்கிறது. அதையே வைத்தியமாகச் சொல்லிவிட்டான். நெருக்கமாய்த் தொடுத்த சரமாக இருக்க வேண்டும், டைட்டாகக் கட்ட வேண்டும், கேப் விழக் கூடாது, வாடினால் உடனே மாற்ற வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் தோரணையில் விளக்கம் வேறு.

சரசம்மா ஊரில் அந்தப் பழக்கம் இல்லை. பூ குளிர்ச்சி, இறுக்கத்தை இளக்கும் என்று நம்பினார். மகன் அஜித்குமாரைப் பூ மார்க்கெட்டுக்கு விரட்டினார். அவனும் முழம் முழமாய் வாங்கி வந்து போட்டான்.

இறுக்கம் இளகியது, காய்ச்சலும் இறங்கியது, அதுதான் கொடுமை. அந்த வீட்டில் ஹரீஷ்குமாரைக் கொண்டாடினார்கள். இவனும் என் கடைக்கு வந்து, "சிம்பிள் சொல்யூஷன்கா, ஒரே நாள்ல ரிசல்ட்" என்று பீற்றிக்கொண்டான். எதற்கடா சொல்யூஷன் என்று கேட்டால் மின்விசிறியைப் பார்த்தான்.

பிறகு பால் வற்றத் தொடங்கியது. குழந்தை சப்பிப் பார்த்துவிட்டு அழும். அப்புறம் அழவும் தெம்பில்லாமல் கிடந்ததாம். வாரிச் சுருட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ரூபாவின் ஜாக்கெட்டுக்குள் பூவைப் பார்த்த நர்ஸ், பாலை நிறுத்துவதற்கல்லவா இதை வைப்பார்கள், எந்தப் புத்திசாலி சொன்னது என்று பிடித்துக்கொண்டார். வேறொரு தாயிடம் வாங்கி வைத்திருந்த பாலைக் குழந்தைக்கு அப்போதைக்குப் புகட்டினார். பூவை எறி, வந்தாலும் வராவிட்டாலும் பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டே இரு, மறுபடி சுரக்கும் என்றார். மறுநாள் எடை பார்க்க வர வேண்டும். இறங்கியிருந்தால் குழந்தையை உள்ளே கண்ணாடிப் பெட்டியில் வைத்துக்கொள்வார்கள், தாயோடு அனுப்ப மாட்டார்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கிய மாமியாரும் மருமகளும் வீட்டுக்குப் போகவில்லை, கடைக்கு வந்தார்கள். சத்தம் கேட்டு நானும் போனேன்.

"நான் என்னா கேட்டேன், நீ என்னா சொன்ன? இவ முன்னால சொல்லுய்யா," என்றார் சரசம்மா.

"பால் கட்டணும்னு கேட்டீங்க மேடம்."

"கட்டிக்கிச்சுன்னு சொன்னேன். கட்டிக்கிச்சு! பச்சப் புள்ளைக்கு எவளாச்சும் பால நிறுத்தச் சொல்லுவாளா?"

ஹரீஷ்குமார் மின்விசிறியைப் பார்த்தான், பில் மெஷினைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் என்ன இவனுக்கு வக்கீலா? கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இது கம்யூனிகேஷன் கேப் மேடம்" என்றான். ஓங்கி ஒன்று வைக்கலாமா என்று எனக்குக் கை துறுதுறுத்தது.

ரூபா கத்தவில்லை. கத்துகிற தெம்பு அவளிடம் இல்லை. "எப்பிடி இருக்குதுன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்லண்ணா?" என்றாள்.

"அந்த ஏரியாவப் பத்தி ஒரு ஜென்ட்ஸ் எப்பிடி மேடம்..."

"மாருன்னு சொல்லுங்கண்ணா. வாய் வெந்துடாது. எம் புள்ளைக்கு அது சோறு."

அவன் சொல்லவில்லை. குனிந்து, கல்லாவுக்குப் பின்னாலிருந்து ஒரு பால் பவுடர் டப்பாவை எடுத்து அவள் முன்னால் வைத்தான். "பில் வேணாம். என் சைடுலேர்ந்து ரீப்ளேஸ்மென்ட்" என்றான். ரீப்ளேஸ்மென்ட்! தாயின் பாலை வற்ற வைத்துவிட்டு, தேய்ந்த பேரிங்குக்குப் பதில் புதுசு கொடுக்கிறானாம். ரூபா அந்த டப்பாவை ஒரு விரலால் அவன் பக்கமே நகர்த்திவிட்டாள்.

அந்த நேரம் குழந்தை முனகியது. கடையின் மூலையில் 'பாலூட்டும் அறை' என்று பலகை மாட்டிய ஒரு திரை உண்டு. ரூபா அதை விலக்கினால் உள்ளே டயபர் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. வீடு போகிறவரை அவள் காத்திருக்கத் தயாராக இல்லை. வாடிக்கையாளர் நாற்காலியைக் கடை நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முந்தானையை விலக்கிக் குழந்தையை மார்பில் போட்டாள்.

தாய்மார் கடையில் ஒரு தாய் பால் கொடுக்க உட்கார்ந்தாள், அவ்வளவுதான். ஹரீஷ்குமாருக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. வெளியே ஓடப் பார்த்தான். சரசம்மா வாசற்படியில் கையை ஊன்றிக் குந்திவிட்டார், வழி விடவில்லை. திக்குமுக்காடித் திரும்பியவனுக்கு நாற்காலியைப் பார்த்தபடி சுவரில் மாட்டியிருந்த கேமரா கண்ணில் பட்டது. சுவரில் தொங்கிய குழந்தைக் குல்லா ஒன்றை உருவினான். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினான். ஏறியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு சுவரைத் தடவித் தடவிக் கேமராவைத் தேடினான்.

வேறு நாளாயிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். குழந்தையின் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாய் அசைகிறது, தொண்டை அசையவில்லை. சப்புகிறது, விட்டுவிடுகிறது, தலையைத் திருப்பிக்கொள்கிறது. ரூபா அதன் வாயை மறுபடி காம்பில் வைக்கிறாள். சரசம்மா வாசலிலிருந்தே, "இழுடா சாமி, இழுடா" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கடைக்குள் வர வந்த ஒருத்தி எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

ரொம்ப நேரம் கழித்து, மடக் என்று ஒரு சின்னச் சத்தம். இன்னொன்று. பிறகு விடாமல். ரூபா ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சரசம்மா எழுந்து ஓடி வந்து குழந்தையின் கன்னத்தோடு கன்னம் வைத்துக் கேட்டார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, அதைச் சொல்வதில் எனக்கென்ன வெட்கம்?

"வருதுங்களா?" என்று ஸ்டூலின் மேலிருந்து ஒரு குரல் கேட்டது. வாசலில் வழி இருந்தது, அவன் இறங்கவில்லை. கண்ணைத் திறக்காமலே, கேமராவுக்கு மாட்டிவிட்ட குல்லாவின் இரண்டு நாடாக்களையும் அதன் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, அவிழ்ந்துவிடாதபடி இறுக்கி முடிச்சுப் போட்டான்.