பார்க்காமல் குத்திய முத்திரை

தொழிற்சாலையில் அவருக்குச் 'சந்தேகம்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. விமான இன்ஜினுக்குள் சுழலும் உலோகத் தட்டுகளைப் பரிசோதித்து முத்திரை குத்துவது அவர் வேலை. தட்டின் ஓரம் முழுக்கத் துளைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் விளக்கடித்து, லென்ஸ் வைத்து, கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்ப்பார், பார்த்ததையே திரும்பவும் பார்ப்பார். கழுவி வைத்த டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத நாள் குறைவு.

அப்பேர்ப்பட்டவர் சந்தேகப்படாத ஒரே ஆள், துளை போடும் பிரிவில் இருந்த தங்கை புருஷன். அவன் கைபட்ட தட்டு எதுவும் பழுதென்று திரும்பி வந்ததில்லை.

"என்ன மச்சான், பாக்கலியா?" என்பான்.

"உன்னதைப் பாத்து என்ன பண்ண, மாப்ளே?" என்று சிரித்தபடியே குத்திவிடுவார். ஊரையே சல்லடை போட்டுச் சலித்தவர் வீட்டு மாப்பிள்ளையிடம் கோட்டை விட்டார்.

மாப்பிள்ளை நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்து சில வருஷம் கழித்து, நடுவானில் ஒரு பயணிகள் விமானத்தின் இன்ஜின் வெடித்தது. ஏறியவர்களில் பாதிப்பேர் வீடு திரும்பவில்லை. மழுங்கிப்போன கருவியால் போட்ட துளையில் விழுந்த கீறல், வளர்ந்து வளர்ந்து தட்டையே பிளந்துவிட்டது என்றது விசாரணை. துளை போட்டது மாப்பிள்ளை.

"நீங்க பார்த்தீங்களா?" என்று அவரைக் கேட்டார்கள்.

"பார்த்தேன். கண்ணுக்கு ஒண்ணும் தெரியல."

பச்சைப் பொய். செத்தவன் வந்து சாட்சி சொல்லவா போகிறான்? பழி அவன் தலையில் விழுந்தது, இவர் உத்தியோகம் தப்பித்தது. சோறுதான் இறங்கவில்லை. ஞாயிறுதோறும் தங்கை வீட்டுக்குப் போய் ஒழுகும் குழாயைச் சரிசெய்தார், பல்பு மாற்றினார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுத்தால் பரவாயில்லையே, இவரை அது உள்ளேயே அரித்தது.

ஒரு ஞாயிறு, துணி மடித்துக்கொண்டே தங்கை சொன்னாள்: "பொண்ணு பள்ளிக்கூடத்துல அப்பா பேரையே மாத்திச் சொல்றாளாம்ணா."

அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை.

"அவன் கை தப்புனது நிஜம்மா. அதைப் பிடிக்கத்தான் என்னை வச்சிருந்தாங்க. லென்ஸ் வச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். நான் பாக்கவே இல்ல. பாத்தேன்னு பொய் சொல்லிட்டேன். நாளைக்கே போய் உண்மையைச் சொல்லிடறேன்."

அழுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தார். அவள் கையிலிருந்த துணியை மடித்து முடித்தாள்.

"தினமும் அவர் போட்டோ முன்னாடி நின்னு, 'பாவி, எத்தனை உயிரைக் கொன்னே'ன்னு திட்டுவேன்" என்றாள். "நீயும் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டுத்தானேண்ணா இருந்தே?"