கம்பத்தில் தொங்கிய தம்ளர்

கும்மிடிப்பூண்டியில் ரயில் நிற்கிறது. ஜன்னல் வழியே வெள்ளைக்காரன் காலத்துக் காபி கிளப் தெரிந்ததும், அங்கே ஒரு வாய் குடித்தே தீருவது என்று குதித்துவிடுகிறேன்.

உள்ளே ஒரே கூட்டம். வாசல் கம்பத்தில் தொங்கும் தகரத் தம்ளரை எடுத்து நீட்டுகிறேன். முதலாளி பதறுகிறார்.

"ஐயையோ, அது சேரி ஆளுங்க தம்ளர் சார்! அவங்களே கழுவி மாட்டிக்கினு போவாங்க. நீங்க உள்ள வாங்க."

"தீண்டாமை குற்றம்னு சட்டமே வந்தாச்சு. இதிலேயே ஊற்றுங்கள்."

கை படாமல் உயரத் தூக்கி ஊற்றுகிறார். குடித்துவிட்டுப் பெருமையாகத் திரும்பினால், அந்தத் தம்ளருக்காகக் காத்து, மண்வெட்டியோடு ஒருவர் நிற்கிறார். முதலாளி அவர்மேல் பாய்கிறார்.

"இன்னாடா, நீ சொல்லிக் குடுத்தியா? நாளையிலேர்ந்து இங்க வராதே!" என் கையிலிருந்து பிடுங்கி அவர் வீசிய தம்ளர் சாக்கடையில் விழுகிறது.

மண்வெட்டிக்காரர் என்னைப் பார்க்கிறார். "நீங்க ரயிலேறிப் பூடுவீங்க சாமி. வேலைக்குப் போற வழில எனக்கு வேற கடை ஏது?"

ரயில் ஊதிக்கொண்டு கிளம்புகிறது. நான் ஏறவில்லை. அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போக மனசு துடிக்கிறது. ஆனால் நாளைக்கு அதற்கும் அவரைத்தான் அடிப்பார்கள். சாக்கடையில் கைவிட்டுத் தம்ளரை எடுக்கிறேன். என்ன செய்யலாம் என்று இந்தத் தடவை முதலில் அவரைக் கேட்கப்போகிறேன்.