குழிமேல் வைத்த நாற்காலி

ஹம்சிக்கா என் நாற்காலியில் உட்கார்ந்ததால்தான் விழுந்தார் என்று நம்பினேன். அதற்காக என்னை ஜெயிலில் போடுவார்கள் என்றும் நம்பினேன். இரண்டாவது நம்பிக்கைதான் பலமானது. உள்ளே போகும்போது ஓட்டை இல்லாத பனியன் ஒன்றாவது தேறுமா என்று அலமாரியைக் குடைந்து பார்த்த அளவுக்கு!

எர்ணாகுளத்துக்குப் பக்கத்தில் மட்டாஞ்சேரியில், பழைய அரிசி குடோன்களுக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் தெரு. ஓர் ஆட்டோ வந்தால் நடப்பவர்கள் பல்லியைப் போலச் சுவரில் ஒட்டிக்கொள்ள வேண்டும். குழாய் பதிக்க வந்த கான்ட்ராக்டர், என் வாசலுக்கு எதிரே சாக்கடையை மூடியிருந்த ஸ்லாபைக் கழற்றினார். குழாய் பதித்தார். போய்விட்டார். ஸ்லாப்? போன் செய்தால், "நாளை சேட்டா, நாளை!" அவருடைய காலண்டரில் இன்று என்பதே கிடையாது.

எங்கள் ஊரில் குழியைக் கண்டால் மரக்கிளையை ஒடித்து நடுவார்கள். கோபம் அதிகமானால் வாழைக்கன்றே நட்டுவிடுவார்கள். எனக்குக் கிளையும் கிடைக்கவில்லை, கன்றும் கிடைக்கவில்லை. மாடியில் கிடந்த பழைய பிளாஸ்டிக் நாற்காலியைக் குழிமேல் கொண்டுபோய் வைத்தேன். ஒரு காலில் விரிசல். முதுகில் சிவப்பு பெயிண்டில் கொட்டை எழுத்தில் 'சாமி'. தமிழ் பேசும் ஐயர் என்பதால் தெருவுக்கே நான் சாமி. கல்யாண வீட்டுக்கும் துக்க வீட்டுக்கும் இங்கே நாற்காலி இரவல் போகும். திரும்பும்போது மாறிவிடாமல் இருக்க ஒவ்வொரு வீட்டிலும் பெயர் எழுதி வைத்திருப்போம்.

மறுநாள் காலை நல்ல மழை. சாக்கடை நிரம்பி, தெரு முழுக்கத் தண்ணீர். குழி எது, ரோடு எது என்று தெரியவில்லை. உள்ளே ஷேவிங் செய்துகொண்டிருந்தேன். தடால்! ஒரு பக்கக் கன்னத்து நுரையோடு வெளியே ஓடினேன். நாற்காலி கவிழ்ந்து கிடக்கிறது. பக்கத்தில் இடுப்பு வரை சாக்கடைக்குள் ஹம்சிக்கா!

மூன்று வீடு தள்ளி இருக்கும் பெரியவர். 'இக்கா' என்றால் இங்கே அண்ணன். அரிசி மண்டியில் தமிழ்நாட்டு வியாபாரிகளோடு மல்லுக்கட்டியே தமிழ் கற்றவர். மாலையில் நானும் அவரும் சேர்ந்துதான் சாயா குடிப்போம்.

தூக்கி ஆட்டோவில் போட்டேன். வழி முழுக்க இடது கையைப் பிடித்தபடி ஒரே வார்த்தைதான் சொன்னார். "சாமி… கசேர… அந்தக் கசேர…"

கசேர என்றால் நாற்காலி. என் நாற்காலி! எக்ஸ்ரேயில் மணிக்கட்டில் எலும்பு முறிவு. மாவுக்கட்டு. 'அது நான் வைத்த நாற்காலி' என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் எர்ணாகுளத்தில் வக்கீலாக இருக்கும் மைத்துனன் கிச்சுவுக்கு போன் செய்தேன்.

"அத்திம்பேரே, குழிமேல என்ன வெச்சேள்?"

"நாற்காலிடா. ஜனங்களை எச்சரிக்கத்தான்."

"நாற்காலி எச்சரிக்கையா? அது உபசாரமாக்கும்! வாங்கோ, உட்காருங்கோன்னு கூப்பிடறது. அதுவும் கால் உடைஞ்சது. நஷ்ட ஈடு கேப்பா. நல்ல எண்ணத்துல பண்ணினேன்னெல்லாம் கோர்ட்டுல சொல்லிண்டு நிக்க முடியாது."

"இப்போ என்னடா பண்றது?"

"முதல்ல பதறாதீங்கோ. உங்க கையெழுத்தா போட்டிருக்கு அதுல?"

கையெழுத்து இல்லை… பெயரே இருக்கிறது! பொதுச் சேவை செய்பவர்கள் தயவுசெய்து கவனிக்கவும்: சேவையில் பெயர் எழுதாதீர்கள்.

நாற்காலியை பாத்ரூமுக்குள் கொண்டுபோய்க் கதவைத் தாழிட்டு, பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் தேய்த்தேன். 'சா' போனது. 'மி' போகவில்லை. வெளியிலிருந்து மனைவியின் குரல்.

"ஏன்னா, உள்ள என்ன கொலையா பண்றேள்? அந்த மனுஷர் கையை ஒடிச்சிண்டு படுத்திருக்கார். இங்க நாற்காலிக்கு அபிஷேகமா? போய் உள்ளதைச் சொல்லிட்டு வாங்கோ!"

நான் போவதற்குள் ஹம்சிக்காவின் மகன் நௌஷாதே வாசலில் வந்து நின்றான். வளைகுடாவிலிருந்து லீவில் வந்திருக்கிறவன். ஜிம் போகிற உடம்பு.

"வாப்பா உங்களை விளிக்கிறார் சாமி. அந்தக் கசேர விஷயமா. நாங்க இதை விடப்போறதில்லை… கேஸ்தான்."

அவன் பின்னால் நடந்த அந்த மூன்று வீட்டுத் தூரத்தில் எனக்குத் தெரிந்த எல்லா தெய்வங்களையும் கூப்பிட்டேன். மாவுக்கட்டுக் கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு ஹம்சிக்கா கட்டிலில் சாய்ந்திருந்தார். வாசற்படியிலிருந்தே கொட்டிவிட்டேன்.

"இக்கா, மாப்பு! நீங்க உட்கார்ந்தது என் நாற்காலி. உடைஞ்ச நாற்காலி. நான்தான் வெச்சேன். பெயரைக்கூடப் பாதி அழிச்சுட்டேன்."

ஹம்சிக்கா மகனைப் பார்த்தார். மகன் என்னைப் பார்த்தான். பிறகு இருவரும் சிரித்த சிரிப்பில் கட்டிலே ஆடியது.

"எடா நௌஷாதே, கேட்டியா? சாமி தானே போய் ஜெயில்ல கேறும் போல!" என்றார் ஹம்சிக்கா. "சாமி, ஸ்லாபை எடுத்துட்டுப் போனது நீயா?"

"இல்லை இக்கா."

"பின்னே நீ எதுக்குப் பயப்படறே?"

கேஸ் கான்ட்ராக்டர்மேல். தெருவில் குழியைத் திறந்துபோட்டு, மூடாமல், தடுப்பும் வைக்காமல் போனவருக்குத்தான் பொறுப்பு என்று நௌஷாத் விசாரித்துவிட்டே வந்திருந்தான். ஸ்லாப் இல்லை என்று கான்ட்ராக்டருக்குத் திரும்பத் திரும்ப போன் செய்தவன் என்ற முறையில் நான்தான் முதல் சாட்சி. நாற்காலியும் சாட்சிதானாம், அழிக்காமல் மிச்சமிருக்கும் 'மி' உட்பட. கிச்சுவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "ஆமா அத்திம்பேரே, குழியை விட்டுட்டுப் போனவன்தான் மாட்டுவான். உங்களைக் கொஞ்சம் பரிகாசம் பண்ணினேன்" என்கிறான். அக்காவைக் கட்டிக்கொடுத்த குடும்பத்தில் இதற்கெல்லாம் உரிமை உண்டு போலிருக்கிறது.

சாயா வந்தது. ஒரு கையால் கிளாஸைப் பிடித்து ஊதிக்கொண்டிருந்தார் ஹம்சிக்கா. எனக்கு ஒன்றுதான் புரியவில்லை.

"கொட்டற மழையில அந்த நாற்காலியில எதுக்கு இக்கா உட்கார்ந்தீங்க?"

சொன்னார்.

அவர் உட்காரவே இல்லை. 'சாமி' என்று எழுதிய நாற்காலி நடுத்தெருவில் மழையில் நனைகிறதே என்று, அதை என் வீட்டில் கொண்டுவந்து வைக்கத்தான் தூக்கியிருக்கிறார்.