அப்பா தள்ளிவைத்த மாத்திரைகள்

அப்பா லிப்ட் மெக்கானிக். முப்பத்தோரு வருடம் மொட்டைமாடி மோட்டார் அறைகளில் கழிந்தது. வீட்டில் மின்விசிறியின் சத்தம் லேசாக மாறினாலே "பேரிங் போச்சு" என்பார். நேரத்துக்குச் சாப்பிட்டதில்லை, யாராவது எங்காவது லிப்டில் மாட்டிக்கொண்டிருப்பார்கள். வயிற்றெரிச்சல் அவருக்கு எருமைமாட்டின் மேல் பெய்த மழை.

நான் ஆராய்வது இரைப்பைக் கிருமியை. அது வால்களைச் சுழற்றி, சளிப்படலத்துக்குள் நீந்திப்போய்க் குடியேறும். அந்த வால்களை முளைக்கவைக்கும் மரபணுக்கள்தான் என் வேலை. சொன்னபோது அவருக்கு ஒரே குஷி.

"இத்தனூண்டு பூச்சிக்கு மோட்டாரா? ரிவர்ஸும் உண்டா?"

"உண்டுப்பா."

"சர்வீஸுக்கு யாரு போறது, நீயா?"

எண்டோஸ்கோபியில் அப்பாவின் இரைப்பையில் புண் தெரிந்தது. எடுத்த திசுவில் ஒரு துணுக்கை, கையெழுத்துப் போட்டு எங்கள் ஆய்வகத்துக்கே கொடுத்தார். அவருடைய கிருமி போல் வேறெதுவும் நீந்தி நான் பார்த்ததில்லை. மென்மையான அகார் கூழ்த் தட்டில் குத்திவைத்தால் ஐந்தே நாளில் அகல வட்டமாகப் பரவியது. முதல் வளர்ப்பை உறையவைத்துப் பத்திரப்படுத்தியிருக்க வேண்டும். செய்யவில்லை. தட்டு மாற்றித் தட்டு வளர்த்ததில், ஒரு மரபணுவில் ஒரே எழுத்து வரிசையாக நின்ற இடத்தில் இன்னொன்று கூடிவிட்டது. வால் முளைக்கவில்லை. குத்திய இடத்திலேயே புள்ளியாக நின்றது.

மருத்துவர் இரண்டு வாரத்துக்கு மாத்திரை எழுதியிருந்தார். ஆரம்பித்தால் கிருமி செத்துவிடும்.

"மாத்திரையை மூணு வாரம் தள்ளிப் போடுங்கப்பா. இன்னொரு தடவை திசு எடுத்துக்கறேன்."

"அம்மா கேட்டா?"

"சாப்பிடறேன்னு சொல்லுங்க."

"சரி. நீ எப்போ சொல்றியோ அப்போ ஆரம்பிக்கிறேன்."

எண்டோஸ்கோபிக் கருவி பழுதானது, தேதி தள்ளிப்போனது. அதற்குள் வேறொரு நோயாளியின் கிருமி கிடைத்தது. நன்றாக நீந்தியது. அந்த மகிழ்ச்சியில் மாத்திரையை ஆரம்பிக்கும்படி அப்பாவிடம் சொல்ல மறந்துபோனேன். அவர் நான்கு மாதம் காத்திருந்தார். நினைவுபடுத்தவும் இல்லை, மகள் காரியமாகத்தான் இருப்பாள் என்று நினைத்திருப்பார்.

ஒரு முற்பகலில் மோட்டார் அறைப் படியில் ரத்தமாக வாந்தியெடுத்தார். மருத்துவமனை வரை உயிர் தாங்கவில்லை.

கருவிப்பையில் மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் கிடந்தன. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா சொன்னாள்: "அந்த ரெண்டு வாரமும் தினம் கேட்டேன். முழுங்கியாச்சுன்னு கூசாம பொய் சொன்னார் மனுஷன். தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டார்."

நான் பக்கத்தில் நின்று தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை. மூன்று மாதம் திறக்கவில்லை.

போன ஞாயிறு சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"நீ சொல்லித்தான் சொன்னாரா?"

"ஆமாம்மா."

"நான் அவரை வாய்க்கு வந்தபடி..." ஒரு சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். "யார் யார்கிட்டல்லாம் நான் சொன்னேனோ, அவங்ககிட்டல்லாம் நீயே சொல்லு. அந்தப் பொய் உன்னோடதுன்னு சொல்லு. இப்பவே."

முதலில் சித்தப்பாவைப் போனில் அழைத்தேன். அம்மா நகரவில்லை.

"சொல்லும்மா," என்றார் சித்தப்பா, பாதி அப்பாவின் குரலில்.

சொன்னேன்.