கவ்வாத்து வெட்டிய கார்டுகள்

'இங்கே இன்டர்நெட் உண்டு' என்று கடைக்கு முன்னால் போர்டு மாட்டிய எவரும் எனக்குச் சொந்தக்காரர்தான். எங்கோ வெளிநாட்டில் ஒருவன் பொத்தானை அமுக்குவான், இலங்கையின் தெரணியகலையில் நான் திட்டு வாங்குவேன். 2007, 2008இல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நாலு கம்ப்யூட்டரும் ஒரு போட்டோகொப்பி மெஷினுமாக நான் கொமியூனிகேஷன் கடை நடத்தினேன். போட்டோகொப்பி மங்கினால்கூட மன்னித்துவிடுவார்கள். கார்டு விளையாட்டில் கைவைத்தால் மன்னிக்க மாட்டார்கள்.

அது கையில் பிடிக்கிற கார்டு இல்லை, திரையில் வருவது. பூதம், யானை, மந்திரவாதி என்று நாற்பது கார்டைக் கட்டாகச் சேர்த்து எதிராளியோடு மோத வேண்டும். நாலு மாதத்துக்கு ஒரு புது செட் வரும். சேர்கிற எல்லோருக்கும் ஓர் அடிப்படை செட் சும்மா கொடுப்பார்கள். சும்மா கிடைப்பது எவ்வளவு பலமாக இருக்குமோ, அவ்வளவு பலம் அதற்கு.

முதல் இடி

ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரைப் போட்டால் திரை முழுக்க இங்கிலீஷில் ஓர் அறிவித்தல். வருஷத்துக்கு ஒருமுறை மிகப் பழைய செட்டுகளைப் பெரிய அறையிலிருந்து விலக்கப் போகிறார்களாம். பந்தயம், பட்டம் எல்லாம் அந்தப் பெரிய அறையில்தான். பழைய கார்டுகள் நம்மிடமே இருக்கும், ஆனால் பின்பக்கத்துத் திறந்த அறையில் மட்டும்தான் போடலாம். அங்கே ஈ காக்கை கிடையாது. இப்படிச் சுழற்றினால்தான் விளையாட்டு புதிதாக இருக்கும் என்று தேன் தடவி எழுதியிருந்தார்கள். நான் பாதி படித்தேன், மீதி புரிந்துவிட்டது என்று மூடிவிட்டேன். அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம்.

விஷயத்தை முதலில் கேட்டவர் பக்கத்துத் துணிக்கடை ரஸீக் நானா. அவர் விளையாட மாட்டார், மகன் எங்கே என்று பார்க்க வருவார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "போன பெருநாள் டிசைன நாங்களும் விக்கிறல்ல தம்பி. ஆனா வாங்கிட்டுப் போனவன்ட ஒடம்புல இருந்து சட்டையக் கழட்ட மாட்டோம்."

நான் செய்த உபகாரம்

செல்லையா அண்ணன் மேல்பிரிவுத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து அரைக்கிற பகுதியில் வேலை. தமிழ் வாசிப்பார், சிங்களம் பொரிந்து தள்ளுவார், இங்கிலீஷ் மட்டும் கிடையாது. ஆனால் முதல் செட்டில் வந்த மலைப்பூதம் என்ற கார்டை வைத்துக்கொண்டு என் கடையில் அவர் தோற்கடிக்காத ஆளே இல்லை. அவரிடம் போய் 'செட் விலகுகிறது' என்றால் எப்படிப் புரியும்? தோட்டத்து ஆளுக்குத் தோட்டத்துப் பேச்சில் சொல்வோமே என்று எனக்கு ஒரு ஞானோதயம்.

"கவ்வாத்து மாதிரிதாண்ணே," என்றேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியை முழங்காலளவுக்கு வெட்டி, அந்த மலையைச் சில மாதம் ஓயவிடுவது. எத்தனை மாதம் ஓயும் என்று கேட்டார். அடுத்த செட் நாலு மாதத்தில் வரும் என்று படித்தது மண்டையில் இருந்தது, நாலு மாதம் என்று அளந்துவிட்டேன். அவர் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்: "இதத்தானுங்களே மொதல்லயே சொல்லியிருக்கணும். வெட்டுன மலையிலதானுங்க கொழுந்து மதமதன்னு வரும்."

ஒன்றுக்கு மூன்று

அந்த விளையாட்டில் தெரியாத ஆட்களோடும் கார்டு மாற்றிக்கொள்ளலாம். பழைய செட் விலகப் போகிறது என்று தெரிந்ததும் உலகம் முழுக்க எல்லோரும் பழைய கார்டைத் தள்ளிவிடத் துடித்தார்கள். ஒரு புதுக் கார்டு கொடுத்தால் மூன்று பழைய கார்டு. செல்லையா அண்ணன் இரண்டு ஞாயிறு உட்கார்ந்து தன்னிடமிருந்த புதுக் கார்டு அத்தனையையும் கொடுத்துப் பழையதை வாங்கிக் குவித்தார். அவர் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று கடையில் இருந்த ஏழெட்டுப் பேரும் அப்படியே செய்தார்கள். நான் தேத்தண்ணீர் ஊற்றிக்கொடுத்து வேடிக்கை பார்த்தேன்.

என் நல்ல நேரம், நெட் ஒருநாளும் அறுந்து போகவில்லை. அறுந்திருந்தால் நாலு கார்டாவது மிஞ்சியிருக்கும். கடைசிப் புதுக் கார்டையும் கொடுத்து முடித்த செல்லையா அண்ணன் கதிரையில் சாய்ந்து, பழையதைத் தள்ளிவிட்டவர்களுக்காக மனமார வருத்தப்பட்டார்: "வெளிநாட்டுக்காரங்களுக்கு எல்லாம் இருக்குதுங்க, வெவசாயம் மட்டும் தெரியல."

சின்ன தொரை

அதே தோட்டத்துச் சின்ன தொரையும், அதாவது உதவி மேனேஜரும், என் கடைக்குத்தான் வருவார். பங்களாவில் நெட் இல்லை. கொழும்பில் வளர்ந்த சிங்களவர், தமிழ் தோட்டத்தில் கற்றது. வா, போ, எடு, தூக்கு என்று ஏவல் மட்டும் பிழையில்லாமல் வரும். தோட்டத்து ரோட்டில் அவர் மோட்டார் சைக்கிள் வந்தால் செல்லையா அண்ணன் ஓரமாக நின்று தலைத்துண்டை எடுப்பார். என் கடையில் எழுந்திருக்க மாட்டார். பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தபடியே மலைப்பூதத்தை இறக்குவார். தொரை தோற்பதைக்கூடப் பொறுத்துக்கொண்டார், அந்த எழுந்திருக்காததுதான் அவரைக் குடைந்தது.

ஒருநாள் வாய் முற்றிப் பந்தயம் ஆனது. செல்லையா அண்ணன் ஜெயித்தால் தொரை ஸ்டோர் வாசலில் எல்லோர் முன்னாலும் "வாங்க செல்லையா" என்று சொல்ல வேண்டும். தோற்றால், அன்று முதல் தொரை கடைக்குள் வரும்போதெல்லாம் செல்லையா அண்ணன் எழுந்து நிற்க வேண்டும். ஆட்டம் பெரிய அறையில். கார்டுகள் ஓய்வு முடிந்து திரும்புகிற நாலாம் மாதத்துப் போயா தினத்தை, அதாவது பௌர்ணமி விடுமுறையை, கவ்வாத்துக் கணக்குச் சொல்லிச் செல்லையா அண்ணனே குறித்தார். இங்கிலீஷ் அறிவித்தலைக் கடைசி வரை படித்திருந்த தொரை சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினார். அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

போயா வந்தது, புது செட் வந்தது, மலைப்பூதம் வரவில்லை. கார்டுக் கட்டில் சேர்க்கப் போனால் அதன்மேல் சாம்பல் நிறத்தில் சிலுவைக் குறி. நான் ஓடிப்போய் அறிவித்தலைத் திறந்து, படிக்காமல் விட்ட பாதியை வாய்விட்டுப் படித்தேன். விலகியது திரும்பாது, அவ்வளவுதான். அவரிடம் மிஞ்சியது, ஒருநாளும் விலகாத, சும்மா கொடுத்த அடிப்படை செட் மட்டும்தான். திறந்த அறையில் ஆடலாமா என்று கேட்டேன். "சட்டம் சட்டம்," என்றார் தொரை. ஏழாவது சுற்றில் ஆட்டம் முடிந்தது. செல்லையா அண்ணன் சத்தமில்லாமல் கதிரையைத் தள்ளி எழுந்து நின்றார். தொரை அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "செடியை வெட்டுற நாளும் நாங்கதான் குறிக்கிறது. உனக்குத் தெரியாதா?"

முறைப்பாட்டுப் பெட்டி

மறுநாள் ஏழெட்டுப் பேரும் வந்தார்கள். எல்லோருடைய கட்டிலும் சாம்பல். த்ரீவீலர் ஓட்டுகிற சிங்களப் பையன் நிமல் கையில் ஹெல்மெட்டோடு கவுண்டர் முன்னால் நின்றான். கார்டைப் பறித்தது நானில்லை, விளையாட்டை நடத்துகிறவர்கள் என்று அரைமணி நேரம் தொண்டை வற்ற விளக்கினேன். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டான். எனக்கும் தெரியாது என்றேன். அவன் 'அண்ணே' என்பதை மட்டும் சிங்களத்தில் வைத்து, தமிழிலேயே தீர்ப்புச் சொன்னான்: "அவங்க எங்கனு தெரியாது. நீங்க எங்கனு தெரியும்தானே ஐயே?"

எழுந்து நிற்காத நாள்

ஐந்து மாதம் செல்லையா அண்ணன் வாக்குத் தவறவில்லை. தொரையின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் பாதி ஆட்டத்தை விட்டு எழுந்து நிற்பார். தொரை உட்கார்ந்த பிறகுதான் உட்காருவார். எனக்குப் பார்க்கச் சகிக்காது. குற்றம் என்னுடையது, கால் வலி அவருடையது. ஒருமுறை மன்னிப்புக் கேட்டேன், "விடுங்க, பழகுன காலுதானே" என்று சொல்லிவிட்டார்.

பிறகு தொரைக்கு றக்வானைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மாற்றல் வந்தது. அடுத்த ஞாயிறு புதுச் சின்ன தொரை கடைக்கு வந்தார். இளம் வயது, அதே சப்பாத்து, அதே நடை. வாசலில் நின்று செல்லையா அண்ணனைப் பார்த்தார். இந்தக் கடையில் யார் எழுந்து நிற்பது வழக்கம் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்க வேண்டும், அப்படி ஒரு காத்திருப்பு. செல்லையா அண்ணன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் குனிந்து, "அண்ணே, எந்திரிங்க, தொரை," என்று காதில் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தாமல், வாசலுக்கும் கேட்கிற மாதிரி பதில் சொன்னார்: "நான் தோத்தது பழைய செட்டுக்கிட்டங்க. வெலகுனது திரும்பச் செல்லாதுன்னு நீங்கதானே படிச்சுக் காட்டுனீங்க?"

இரண்டு வருஷக் கடை வாழ்க்கையில் நான் ஒருவருக்கு ஒழுங்காக விளங்கவைத்த சட்டம் அது ஒன்றுதான், அதுவும் என் விளக்கத்தைத் தாண்டி அவராகவே விளங்கிக்கொண்டது.