ஒல்லி டம்ளர் பாயசம்

எண்பதுகளில் குரோம்பேட்டையில் டீச்சர் டிரெய்னிங் படித்தேன். குழந்தை உளவியல் எடுத்த மேடம், மகன் பிறந்தநாளுக்கு என்னை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். மாடியில் வாடகைக்கு இருந்தவர்களின் பெண்கள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். சின்னவளுக்கு நாலு வயசு, பெரியவளுக்கு ஒன்பது.

மேடம் தன் பையனுக்கு அகலமான கிண்ணம் நிறையப் பாயசம் ஊற்றினார். அந்தப் பெண்களுக்கு மட்டும் உயரமான ஒல்லி டம்ளர்.

"ஐ! எனக்குத்தான் நிறைய!" என்று சின்னவள் குதித்தாள்.

மேடம் என் காதில் சொன்னார்: "பாத்தியா? கிளாஸ்ல சொன்னேன்ல, இந்த வயசுல உயரம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். நமக்கும் பாயசம் மிச்சம்."



பெரியவள் கிண்ணத்தையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. தன் டம்ளரைத் தங்கை பக்கம் நகர்த்தினாள். "இந்தாடி, இதையும் குடி. எனக்குத் தித்திப்பு பிடிக்காது."

எனக்கு வைத்திருந்த பாயசத்தில் வாய் வைக்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது அதே பாடத்தை நானும் நடத்துகிறேன். எந்த வயசில் குழந்தைக்கு என்ன புரியும் என்று வரிசையாகச் சொல்லித் தருகிறேன். அதைத் தெரிந்துகொண்டே குழந்தையை ஏமாற்றுகிற புத்தி எந்த வயசில் வருகிறது என்றுதான் எந்தப் புத்தகத்திலும் இல்லை.